கைப்பிடிக் காணிக்கை

ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்துக் கம்பிவேலிக் கதவுக்கு வெளியே, தகரப்பெட்டியின்மேல் உட்கார்ந்து ஞானவடிவு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தாள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ரயில் மாறி, சிரம்பானில் ஒரு மரக்கறி லாரிக்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடி இங்கேவரை வந்தாயிற்று. தங்கச்சி வீடு அதோ, கூப்பிட்டால் கேட்கும் தூரம். நடுவே முள்கம்பி. வாசலில் துப்பாக்கியோடு நின்ற மலாய்க்காரச் சார்ஜன் அவள் காகிதங்களை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐ.சி.?" என்று கேட்டான். அவளிடம் ஏது ஐ.சி. என்கிற அடையாளக் கார்டு? இல்லையென்று கையை விரித்தாள். அவனும் கையை விரித்துவிட்டான்.

"இம்புட்டுத் தூரம் கடல் தாண்டி வந்தது ஜெயிலுக்கு வெளிய குத்தவைக்கவா, ஆண்டவரே" என்று வாய்விட்டே சொன்னாள். சாயர்புரத்தில் யாரும் இந்த வேலியைப்பற்றி அவளிடம் சொல்லவில்லை. கப்பலில் வந்த ஒருத்தர்தான் சொன்னார். காட்டுக்குள்ளே கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு இருக்கிறார்களாம், அவர்களுக்குச் சோறு போகக்கூடாது என்று தோட்டத்துச் சனத்தையெல்லாம் வேலிக்குள் அடைத்திருக்கிறார்களாம். அளக்கிறார் மனுசன் என்று அவள் அப்போது நம்பவில்லை.

மத்தியானம் கொட்டகையில் பாலை ஊற்றிவிட்டுப் பெண்கள் வரிசையாகத் திரும்பினார்கள். தலையில் முண்டாசுத் துணி, ரப்பர் பால் காய்ந்து விறைத்த பாவாடை, கையில் காலி வாளி. முன்னால் வந்தவள் நல்ல உயரம், நாற்பது வயதிருக்கும், கழுத்தில் செபமாலை. பேர் சவரியம்மா. பெட்டியையும் பெட்டிமேல் இருந்த கறுப்பு அட்டை வேதப்புத்தகத்தையும் பார்த்துவிட்டு நின்றாள்.

"வேதக்காரங்களா நீங்க?"

"ஆமா. சாயர்புரம். கிருபைக்கு அக்கா. அவ பிள்ளப்பேறுக்கு வந்திருக்கேன்."

"அட, கிருபை அக்காவா! மாதா கோயிலா?"

"இல்ல, இல்ல. நாங்க சுரூபம் வச்சுக் கும்பிடுத கூட்டம் இல்ல."

வாயிலிருந்து விழுந்தபிறகுதான், எதிரே நிற்பவள் கழுத்தில் செபமாலை தொங்குவது ஞானவடிவுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். சவரியம்மா இடுப்பில் கைவைத்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். பின்னால் வந்தவர்களும் சிரித்தார்கள்.

"சரிலா. சுரூபம் கும்பிடுறவ பெட்டியைத் தூக்குனா குடுப்பீங்களா, அதுவும் மாட்டீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு சார்ஜனிடம் போனாள். "இனி சாயா புன்யா காக்கா" என்றாள். இவள் என் அக்கா என்று அர்த்தம். சார்ஜன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தோட்டத்து ஆபீசிலிருந்து கணக்கெழுதுகிற பெரிய கிராணி வந்தார். சவரியம்மா அவரிடமும் மலாயிலேயே அதைச் சொன்னாள், பொறுப்புக்குத் தன் பேரைக் கொடுத்தாள். இவள் ஏதாவது கோளாறு பண்ணினால் உன் தலைதான் உருளும் என்று கிராணி எச்சரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கதவு திறந்தது. அந்த மலாய்ப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்பது ஞானவடிவுக்குத் தங்கச்சியின் லயத்து வீட்டுக்குப் போனபிறகு கிருபை சொல்லித்தான் தெரியும். வெட்கத்தில் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

கிருபை கால் வீங்கி, முகம் வெளுத்துப் பாயில் கிடந்தாள். நிறைமாதம். முதல் பிள்ளை பிறந்தபோது பக்கத்தில் ரத்த சொந்தம் என்று ஒருத்தரும் இல்லை. பிள்ளை மூச்சுவிடவே இல்லை. அதிலிருந்து அவள் பயந்துபோயிருந்தாள். இந்தத் தடவை அக்கா வந்தால்தான் தானும் பிள்ளையும் பிழைப்போம் என்று மனசில் போட்டுக்கொண்டு, போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லியனுப்பினாள். அம்மா இல்லாத வீட்டில் அக்காதான் அம்மா. பனையேறுகிற புருசனிடம் சண்டைபோட்டுக் கம்மலை விற்றுக் கப்பலேறினாள் ஞானவடிவு.

"வந்துட்டேம்லா. பொறவு எதுக்கு அழுத? உம் பிள்ளைய நான் கையில வாங்குறவரைக்கும் இந்தப் பாயவிட்டு எந்திரிச்சேன்னா காலை ஒடிச்சிருவேன், பாத்துக்கோ."

கிருபை அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று சாயங்காலம் ஒரு சிக்கல் முளைத்தது. அரிசி கார்டுக்குத்தான். கார்டு ஐ.சி.க்குத்தான். ஞானவடிவுக்கு இரண்டும் வரும்வரை, கிருபையின் புருசன் தங்கராஜுவுக்கும் அவளுக்கும் அளந்துவிட்ட அரிசியில் மூன்று வயிறு நிறையவேண்டும். தங்கராஜு நல்ல பையன். பசியில்லை என்று எழுந்துவிட்டான். கிருபையும் தட்டைத் தள்ளினாள். பிள்ளைத்தாய்ச்சி சோற்றைத் தின்னவா கடல் தாண்டி வந்தோம் என்று ஞானவடிவு தன் தட்டுச் சோற்றைப் பானையிலேயே திருப்பிப் போட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சவரியம்மா வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு பால்மங்கு எடுத்தாள். மரத்தில் பால் வடிகிற அந்த மண்கோப்பையில் ஒரு பிடி அரிசி இருந்தது.

"சுரூபம் கும்பிடுற வீட்டு அரிசி. வேகுமான்னு பாருங்க" என்று வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "வெளிய சொல்லிடாதீங்க. கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் தின்னணும். குடுத்தவளுக்கும் கார்டைப் பிடுங்கிடுவான். அப்பறம் முக்கியமா, இந்த வேலிக்கு வெளிய ஒரு மணி அரிசி போகக்கூடாது. கண்டான்னா காட்டுக்காரனுக்குக் கொண்டு போறேன்னு ஜெயில்ல போட்டுடுவான்."

"நான் எங்க போவப்போறேன் அரிசிய எடுத்துக்கிட்டு" என்றாள் ஞானவடிவு.

அவளைத் தொடர்ந்து ஒவ்வொருத்தியாக வந்தார்கள். எல்லாரும் தஞ்சாவூர்ப் பக்கத்து மாதா கோயில் சனம். ஒருத்தி கொட்டாங்கச்சியில் கொண்டுவந்தாள், ஒருத்தி கையில் பொத்திக்கொண்டே வந்து கொட்டினாள். லயத்துக் கடைசி வீட்டுச் செல்லமும் வந்தாள். அவள் வேதமில்லை, மாரியம்மன் கோயில்காரி. வாசலில் பெண்களைச் சோதனைபோடுகிற வேலை அவளுக்கு. "நான் வந்தேன்னு யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவள் போனபிறகு ஞானவடிவு முழங்கால்போட்டு அழுதாள். முன்னேபின்னே தெரியாத சனம். ஊரில் ரோமன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அவள் போனதில்லை.

மறுநாளிலிருந்து அவள்தான் உலை வைத்தாள். உலையில் போடுமுன்னே ஒரு பிடி அள்ளித் தனியாக ஒரு வெள்ளைத் துணியில் போட்டாள். கை தன்னால் போனது. அவள் ஊர்க் கோயிலில் எல்லா வீட்டிலும் அது உண்டு. வேளைக்கு ஒரு பிடி கர்த்தருக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுபோய்ப் பெட்டியில் கொட்டுவார்கள். அந்த அரிசியில்தான் உபதேசியார் வீட்டு அடுப்பு எரியும், விதவைகளுக்குக் கஞ்சி கிடைக்கும். மழையில்லாத வருசத்தில் அரைப்பிடியாகப் போட்டிருக்கிறாளே தவிர நிறுத்தியதில்லை. இங்கே சும்மா வந்த அரிசி, அதிலே கொடுக்காமல் இருந்தால் எப்படி? பாயைவிட்டு எழுந்திருக்காத கிருபை அடுப்பங்கரையில் நடப்பதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அலறியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிரம்பான் மாதா கோயில் பூசைக்குத் தோட்டத்து லாரி கிளம்பியது. அவளுடைய சபைக் கோயிலும் டவுனில் இருக்கிறது, ஆனால் அங்கே கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. ஓய்வுநாளில் வீட்டில் கிடப்பதற்கு ரோமன் கோயிலாவது போகலாம் என்று ஞானவடிவு முடிவுபண்ணினாள். தலைக்குக் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, வேதப்புத்தகத்தைக் கையில் எடுத்தாள். வெள்ளைத் துணி முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டாள். சவரியம்மா சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் அது அரிசியைப்பற்றி. இது எப்போது துணியில் விழுந்ததோ அப்போதே அரிசி இல்லை.

வாசலில் வரிசை. செல்லம் ஒவ்வொருத்தியாகத் தலைமுடியை அவிழ்த்து, இடுப்பைத் தடவி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஞானவடிவின் இடுப்பில் கைவைத்தவள் அப்படியே நின்றாள்.

"என்னக்கா இது?" என்று உதடு அசையாமல் கேட்டாள். கையை எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் சார்ஜன் பக்கத்திலேயே நின்றான். "ஆப்பா இனி?" இது என்ன என்று கேட்டுக்கொண்டே அவனே முடிச்சை உருவிவிட்டான். அரிசி மேசைமேல் கொட்டியது.

"அது அரிசி இல்லய்யா! காணிக்கை! ஆண்டவருக்கு எடுத்து வச்சது!"

சவரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சார்ஜனுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தாலும் மேசைமேல் கிடந்தது அரிசிதான். ஜீப்பு வந்தது, ஞானவடிவை ஏற்றிக்கொண்டு போனது.

சாலை முக்கிலிருந்த ஸ்டேசனில் ஒரு சின்ன வயசு வெள்ளைக்கார ஆபீசர் அவளை விசாரித்தான். கிராணி மொழிபெயர்த்தார். தங்கராஜு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"உனக்குக் கார்டே இல்லை. அரிசி எங்கிருந்து வந்தது?"

இங்கே எதெல்லாம் தப்பு என்பது இப்போதுதான் ஞானவடிவுக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. பேரைச் சொன்னால் அவர்கள் கார்டு போகும்.

"ஆண்டவர் குடுத்தார்."

"அவர் பேர் என்ன?"

"இயேசு."

கிராணி இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் விழித்தார். ஆபீசர் மேசையைத் தட்டினான். "அரிசி யாருக்குப் போகிறது?"

"அவருக்குத்தான்."

கோயிலில் இப்படி ஒரு வழக்கமாம், பிடியரிசி போடுவார்களாம் என்று கிராணியே பாவம் பார்த்து எடுத்துச்சொன்னார். ஆபீசர் போக்கிரி இல்லை. விசாரித்துவிடலாம் என்று, பூசை முடிகிற நேரத்துக்குச் சிரம்பானுக்கே ஜீப்பில் போனான். கோயில் வாசலில் பிரெஞ்சுக்காரச் சாமியார் நின்றார். நன்றாகத் தமிழ் பேசுவார், பொய் பேசமாட்டார். லாரியில் வந்த பெண்கள் எல்லாரும் சுற்றி நிற்க, உங்கள் கோயிலில் அரிசி கொண்டுவருகிற வழக்கம் உண்டா என்று ஆபீசர் கேட்டான். சாமியார் யோசித்துப் பார்த்தார். "என் கோயிலில் அப்படி வழக்கம் இல்லை" என்றார். ஆபீசர் நன்றி சொல்லிவிட்டுப் போனான். பெண்களின் முகங்களைப் பார்த்தபிறகுதான் சாமியாருக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தது.

சாயங்காலம் தங்கராஜு சேதி கொண்டுவந்தான். நாளைக்கு மத்தியானம் சிரம்பான் ஜெயிலுக்கு ஏற்றுகிறார்கள். அங்கிருந்து ஊருக்குத் திருப்பிக் கப்பல், இல்லையென்றால் வருசக்கணக்கில் உள்ளே. கிருபை சுவரைப் பிடித்து எழுந்தாள், நிற்க முடியாமல் உட்கார்ந்தாள். அவளுக்கு இடுப்பில் விட்டுவிட்டு வலிக்கத் தொடங்கியிருந்தது.

"சாமியாரே இல்லேன்னுட்டாரே" என்று அழுதாள். "எங்கக்கா இல்லாம நான் பெறமாட்டேன். இதுவும் செத்துத்தான் பிறக்கும்."

"வாயைக் கழுவுடி முதல்ல!" என்றாள் சவரியம்மா. அந்த அறைக்குள் நிற்க இடமில்லாமல் பெண்கள் நின்றார்கள். "சாமியார் பொய் சொல்லல. நம்ம கோயில்ல ஏது இந்த வழக்கம்? இல்லாதத இல்லேன்னாரு."

முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு அவளே சொன்னாள்: "இல்லேன்னா, உண்டாக்கிட்டாப் போச்சு."

"என்னா உண்டாக்குறது?" என்றான் தங்கராஜு.

"வழக்கத்தை. நாளைக்கு விடியக்காலம் பெரட்டுக்கு ஆள் கணக்குக் குடுக்கப் போறப்ப ஒவ்வொருத்தியும் முந்தானையில ஒரு பிடி முடிஞ்சுக்கிட்டுப் போறோம். கோயில் காணிக்கைன்னு சொல்றோம்."

"பைத்தியமாக்கா? கார்டைக் கிழிச்சிடுவான்! வேலை போயிடும்!"

"எத்தனை பேர் கார்டைக் கிழிப்பான்? எத்தனை பேரை ஏத்துவான் அந்த ஜீப்புல?"

"எனக்காகவாக்கா?" என்றாள் கிருபை.

"உனக்காகன்னு யார் சொன்னது? அது எங்க அரிசிடி. நாங்க குடுத்தது. உங்கக்கா வாயைத் தொறந்து ஒரு பேரைச் சொல்லியிருந்தான்னா இந்நேரம் நாங்க எல்லாரும் அவகூட உள்ள உக்காந்திருப்போம். சொன்னாளா? சாமி பேரைச் சொல்லியிருக்காய்யா, மகராசி!"

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். கதவோரம் நின்ற செல்லம் மெல்ல வெளியே நழுவினாள். அவளைப் பார்த்து எல்லாருக்கும் பக்கென்றது. அவள்தானே காலையில் சோதனை போடுகிறவள்.

திங்கட்கிழமை விடியற்காலம். மஞ்சள் விளக்குக்குக் கீழே வரிசை நின்றது. முதலில் சவரியம்மா. செல்லம் அவள் முந்தானையைத் தடவினாள், முடிச்சைப் பிரித்தாள், மேசைமேல் கொட்டினாள்.

"பெராஸ்!" என்று சார்ஜனைப் பார்த்து, அரிசி என்பதை மலாயில் சத்தமாகச் சொன்னாள்.

சார்ஜன் ஓடிவந்தான். "என்ன இது?" என்று மலாயில் கத்தினான். சவரியம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "கோயில் காணிக்கை. பிடியரிசி."

அடுத்தவள். "பெராஸ்!" அதற்கடுத்தவள். "பெராஸ்!" செல்லத்தின் குரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏறியது. ஒரு சிட்டிகை அளவுக்குக் கொண்டுவந்தவளும் இருந்தாள், பிடி நிறைய அள்ளி வந்தவளும் இருந்தாள். மாதா கோயில் சனம் முடிந்தபிறகும் முடிச்சுகள் வந்துகொண்டே இருந்தன. நெற்றியில் விபூதிக் கீற்றோடு வந்தவள் முந்தானையிலும் அரிசி. "நீ எந்தக் கோயிலுடி?" என்று செல்லம் கேட்டாள். "எந்தக் கோயிலா இருந்தா என்னாலா, போட்டுக்கோ" என்றாள் அவள். மேசை நிறைந்து குவியல் சரிந்தது. வரிசையில் கடைசி ஆளும் முடிந்ததும் செல்லம் தன் முந்தானையை முன்னால் இழுத்தாள். எல்லார் முன்னாலும் முடிச்சைத் தானே அவிழ்த்து, தானே கொட்டி, தானே "பெராஸ்!" என்றாள்.

வரிசையே குலுங்கிச் சிரித்தது. சார்ஜன் அத்தனை பேரையும் தரையில் உட்காரச் சொன்னான். உட்கார்ந்தார்கள். சந்தோசமாக உட்கார்ந்தார்கள். வேலைக்குப் போகச்சொன்னால் போவோம், பிடித்து வைத்தால் இருக்கிறோம். நாங்களா மாட்டோம் என்கிறோம்?

பொழுது வெளுத்துவிட்டது. தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் தொரை மோட்டார் சைக்கிளில் வந்தார். உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், அப்புறம் வானத்தைப் பார்த்தார். பால்மரத்துக்குச் சட்டமெல்லாம் தெரியாது. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். ஒரு மரத்திலும் இன்னும் உளி படவில்லை. அவர் ஆபீசுக்குப் போய் டெலிபோனைச் சுற்றிக் கத்திய சத்தம் லயம்வரை கேட்டது.

ஆபீசர் ஜீப்பில் வந்தான். பின்னாலேயே, யார் சொல்லி வந்தாரோ, சாமியாரும் தன் சின்ன காரில் வந்து இறங்கினார். ராத்திரி தூங்காத கண். ஆபீசர் அவரைப் பார்த்ததும், இதோ இவரே நேற்றுச் சொன்னாரே என்கிறதுபோல் கையைக் காட்டினான். சாமியார் மேசையருகே வந்தார். குவியலில் கையைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவர் வாயையே பார்த்தார்கள்.

முதலில் ஆபீசரிடம் இங்கிலீசில் சொன்னார். பிறகு பெண்களுக்குக் கேட்கும்படி தமிழில் சொன்னார்: "நேற்று வரைக்கும் என் கோயிலில் இந்த வழக்கம் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. என் கண்ணால் பார்க்கிறேன்."

தொரை ஆபீசரைத் தனியே கூட்டிக்கொண்டுபோய்ப் பேசினார். பேசினார் என்பதைவிட ஏசினார் என்று சொல்லவேண்டும். அத்தனை பேரையும் சிறையில் போட்டுவிட்டு நீயா வந்து பால் வெட்டப்போகிறாய் என்று கேட்டதாகக் கிராணி பிறகு சொன்னார். ஆபீசர் சிவந்துபோய் ஜீப்பில் ஏறினான். ஜீப்பு திரும்பி வந்தபோது பின்னால் ஞானவடிவு இருந்தாள், வெள்ளைச் சேலை கசங்கி, வேதப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. தரையில் இருக்கிற கூட்டத்தைப் பார்த்ததும், எல்லாரையும் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து, "ஐயோ, நான் ஒருத்தர் பேரும் சொல்லலியே!" என்று கத்திவிட்டாள்.

சவரியம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள். "மரியே வாழ்க!" என்று யாரோ கத்தினார்கள். "ஆண்டவருக்குத் தோத்திரம்!" என்று ஞானவடிவு கத்தினாள். "மாரியாத்தா!" என்றாள் செல்லம். சார்ஜன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வேறுபக்கம் திரும்பி நின்றான். அவனும் சிரித்தான் என்று பின்னால் நின்றவர்கள் சொன்னார்கள்.

மேசைமேல் இருந்த அரிசி கோயில் அரிசி, எனக்குச் சேரவேண்டியது என்று சாமியார் பிடிவாதமாக நின்றார். ஆபீசர் ஒரு துண்டுக் காகிதத்தில் பர்மிட் எழுதிக் கொடுத்தான். கோணிப்பையில் அள்ளிக் காரில் வைத்தார்கள். கதவு திறந்தது. இந்த வேலி போட்ட நாளிலிருந்து முதல்முறையாக அந்த வாசல் வழியே அரிசி, சார்ஜன் பார்த்துக்கொண்டிருக்க, ராசாவாட்டம் வெளியே போனது.

பெண்கள் ஓட்டமும் நடையுமாக மரத்துக்குப் போனார்கள். ஞானவடிவு லயத்துக்கு ஓடினாள். கிருபை வலி கண்டு கத்திக்கொண்டிருந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரி ஆயா வருமுன்னே தலை தெரிந்துவிட்டது. அக்காளும் தங்கையும் ஒருத்தர் கையை ஒருத்தர் நெரித்துக்கொண்டு, ஒருத்தி ஜெபிக்க ஒருத்தி கத்த, பிள்ளை பிறந்தது. பெண். ஞானவடிவு காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளை வீறிட்டது. மத்தியானம் வாளியோடு திரும்பிய சனம் லயத்து முனையிலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டது. சவரியம்மா வாளியை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

ஞானஸ்நானம் ஞானவடிவின் சபைக் கோயிலில் என்று முடிவானது. சாமியார் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று கிருபை கேட்டாள். மாற்றுச் சபைக் கோயிலுக்குள் மாதா கோயில் சனம் கால்வைக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

"போயிட்டு வந்து சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன்" என்றாள் சவரியம்மா. "எல்லாரும் ஒரே நாள்ல பண்ணா அவரும்தான் எத்தனை நேரம் கேப்பாரு? சுரூபம் இல்லாத கோயில் எப்பிடி இருக்கும்னு பாக்கணும்லா எனக்கு."

"மொட்டையாத்தான் இருக்கும்" என்றாள் ஞானவடிவு. "நீ வந்தா நெறைஞ்சிரும். வாட்டி தங்கச்சி."

அந்த ஞாயிற்றுக்கிழமை லாரி கொள்ளாத கூட்டம். கனகாம்பரமும் புதுச்சேலையுமாகப் பாட்டுப் பாடிக்கொண்டே வாசலுக்கு வந்தார்கள். வெள்ளைச் சட்டையும் லேஸ் குல்லாவும் போட்ட பிள்ளை ஞானவடிவின் கையில் இருந்தது. ஊருக்குத் திரும்பிப்போய்ச் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வாசலில் புது உத்தரவு ஒட்டியிருந்தது. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு மேலிடத்திலிருந்து வந்தது. செல்லத்துக்கு வேலை போய்விட்டது. அவளும் லாரிக் கூட்டத்தில்தான் நின்றாள். அவள் இடத்தில் டவுனிலிருந்து வந்த, யாருக்கும் தெரியாத ஒருத்தி காக்கிச் சட்டையோடு நின்றாள். ஒவ்வொருத்தியின் பூவையும் எடுத்து உதறிப் பார்த்தாள். ஞானவடிவின் முறை வந்ததும் மேசையைக் காட்டினாள்.

"பிள்ளையைக் கீழே போடு. கைப்பிள்ளையானாலும் பாக்கணும்னு உத்தரவு."

பாட்டு நிற்கவில்லை. சவரியம்மா இன்னும் சத்தமாக எடுத்தாள், மற்றவர்களும் கூடச் சேர்ந்தார்கள். மேசையின் தகரத்தின்மேல் பிள்ளையைக் கிடத்தி, குல்லாவைக் கழற்றினாள் அந்தப் பெண். சட்டையை அவிழ்த்தாள். இடுப்புத் துணியைப் பிரித்து உதறினாள். கழுத்து மடிப்பில் விரல்விட்டுப் பார்த்தாள். பிள்ளை இரண்டு கையையும் இறுக்க மூடியிருந்தது. அவள் குனிந்து, அந்தக் கை ஒன்றைப் பிடித்து, விரல் விரலாகத் திறந்தாள்.